மண்சரிவில் உயிர் மீட்க எந்தச் சவல்?

இலங்கையின் மலையகத்தில் மண் சரிந்த இடத்துக்குப் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்துசேர மணிக்கணக்காகும். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) மூடிய அதே மழைதான் தோட்டப் பாதையையும் அறுத்திருக்கும். பாலத்தை ஆறு கொண்டுபோயிருக்கும். மரம் விழுந்து மின்கம்பி வீதியில் கிடக்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கியது. 2016 மே 17 அன்று அரநாயக்கவும் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டமும் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைக் கிழித்தபோது நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடம் வேறு, ஆண்டு வேறு. முதல் மணித்தியாலத்தில் மண்ணைத் தோண்டக்கூடியவர்கள் அயல் லயத்து ஆட்கள் மட்டுமே என்பது எங்கும் ஒன்றுதான்.

அவர்கள் கையில் அந்த நேரத்தில் என்ன இருக்கும்? குசினிக்குப் பின்னால் சாத்திவைத்த மம்பட்டி. எப்போதோ கொங்கிரீட் குழைக்க வாங்கிய சதுர வாய்ச் சவல் (மண்வாரி). கான் (வடிகால்) வெட்டுகிறவரின் வீட்டில் ஒரு அலவாங்கு (கடப்பாரை). தோட்டத்து ஸ்டோரில் நல்ல கருவிகள் அடுக்கியிருக்கும், ஆனால் சாவி வேறொருவரிடம் இருக்கும். மண் இரவிலோ விடியலிலோ இறங்கினால் அந்தச் சாவியைத் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும். தோட்டவேலைக்கு வாங்கிய கருவி மீட்புக்கும் தானாகப் பொருந்திவிடும் என்ற எண்ணம் உயிரைக் கேட்கும். எது பொருந்தும், எது பாதியில் முறியும், ஏன் முறியும் என்பதை மழைக்கு முன்னமே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பனிமலைக்காரர்களிடமிருந்து எடுக்கக்கூடியது

மீட்புக்கென்றே சவலைப் பற்றி மிக அதிகமாக யோசித்தவர்கள் பனிமலை நாட்டுக்காரர்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் மலையேறுகிறவர்கள் மூன்று பொருட்கள் இல்லாமல் கிளம்பக்கூடாது என்பது அங்கே பாலபாடம்: சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, சவல். அவர்களின் சவலுக்கென்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு 156 ஆம் இலக்கத்தில் தனித் தரமே வைத்திருக்கிறது. காரணம் எளிது. பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் பத்தில் மூன்று பேர்தான். நேரத்தின் பெரும்பகுதியைத் தின்பது தேடுவதல்ல, தோண்டுவதுதான்.

அவர்கள் பாடத்தில் எங்களுக்கு அப்படியே பொருந்துவன சில உண்டு. சவலை வண்டியில் கட்டிவைக்காதே, முதுகுப் பையில் வை என்பது அதில் முதலாவது. சரிவு வரும்போது வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போய்விடுவார்கள். வண்டியோடு சவலும் புதைந்துபோகும். லயத்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்த சவலின் கதியும் அதுவே. லயம் மூடினால் லயத்தைத் தோண்டும் கருவியும் உள்ளேதான் கிடக்கும். சவல் இருக்கவேண்டிய இடம் சரிவுப் பாதைக்கு வெளியே: கோவில், கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைகளைப் பராமரிக்கும் மடுவம், பாடசாலை, இவற்றில் மேட்டுச் சரிவுக்கு நேர்கீழே இல்லாத ஒன்று.

பிளாஸ்டிக் தகட்டை நம்பாதே என்பது இரண்டாவது. சரிந்து நின்ற பனி மாவுபோல இருக்காது, இறுகிக் கல்லாகிவிடும். பிளாஸ்டிக் அதில் ஏறாமல் விலகும், குளிரில் வெடிக்கும். பனி நாட்டுக்கே அது உதவாதபோது கற்கள் கலந்த எங்கள் செம்மண்ணுக்கு எப்படி உதவும்?

மூன்றாவது, மேலிருந்து கிணறுபோலத் தோண்டாதே. சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கிப் போ, பின்னால் நிற்பவர்கள் மண்ணைக் கடத்தட்டும் என்பது. இதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

பொருந்தாததும் இருக்கிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் உறவுகள் நல்ல மனத்தோடு பனிச்சவல் வாங்கி அனுப்ப நினைப்பதுண்டு. அந்தச் சவல் அலுமினியத்தால் ஆனது, மடித்துப் பைக்குள் வைக்கத்தக்கது, 600 முதல் 900 கிராம் வரைதான் எடை. அது பனிக்கு அருமையான கருவி. ஆனால் சரிந்து இறுகிய பனி ஒரு கன மீற்றர் 300 முதல் 500 கிலோ; நனைந்த எங்கள் மண் ஒரு கன மீற்றர் 1,800 கிலோவைத் தாண்டும். நடுவே தேயிலை வேர், உடைந்த கருங்கல், தகரம், தீராந்தி (கூரை உத்தரம்) எல்லாம் கிடக்கும். தேயிலை வேரில் சிக்கிய அலுமினியத் தகட்டை நெம்பினால் வாய் சுருண்டுவிடும். இழுத்து நீட்டும் பிடியின் பொத்தான் துளைக்குள் சேறு புகுந்தால் நீட்டவும் முடியாது, மடிக்கவும் முடியாது. அனுப்புகிறவர்கள் அந்தப் பணத்தை அனுப்பினால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள ஹார்ட்வெயாரில் இரண்டு மூன்று நல்ல இரும்புச் சவல் வாங்கலாம்.

எத்தனை வாரு, எவ்வளவு பாரம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தகட்டின் அளவு தானாக முடிவாகும். ஒருவர் 1 மீற்றர் ஆழத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பக்கத்தில் 1.5 மீற்றர் தள்ளித் தொடங்கி, 1 மீற்றர் அகலத்தில் அவரை நோக்கிப் போனால் எடுக்கவேண்டிய மண் ஏறக்குறைய 1.5 கன மீற்றர். நனைந்த மண்ணாக அது 2,700 கிலோ. ஒரு வாருக்கு, அதாவது ஒருமுறை அள்ளுவதற்கு, 5 கிலோ என்றால் 540 வாரு. பனியில் இதே குழி 600 கிலோதான். தகட்டுக்கு ஒரு கிலோவாக 600 வாரு. வாரு எண்ணிக்கை அதிகம் மாறவில்லை. ஒவ்வொரு வாருக்கும் தூக்கும் பாரம்தான் ஐந்து மடங்கு.

ஆகவே பெரிய தகடு வேகமாக வேலை செய்யும் என்பது தப்பு. கொங்கிரீட் சவலின் அகன்ற தகட்டில் 8 கிலோ சேறு ஏறும். முதல் இரண்டு நிமிடம் ஆள் வேகமாக அள்ளுவார். மூன்றாவது நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். நிமிடத்துக்குப் பத்து வாரு, வாருக்கு 5 கிலோ என்ற கணக்கில் ஒருவர் தனியாக 54 நிமிடம் எடுப்பார், அதுவும் சளைக்காமல் செய்தால். யாரும் அப்படிச் செய்ய முடியாது. எனவே சிறிய தகடு, நிறையச் சவல், மாறி மாறி ஆள் என்பதுதான் வழி.

தகடு, கழுத்து, பிடி

முகப்பில், அதாவது வரிசையின் முன்னால் மண்ணை வெட்டி, நிற்பவருக்குக் கூர்வாய்ச் சவல் வேண்டும். அகலம் 20 முதல் 23 செ.மீ., நீளம் 28 முதல் 30 செ.மீ. போதும். களிமண்ணும் வேரும் கலந்த மண்ணில் கூர்வாய் இடம் தேடி நுழையும். சதுர வாய் தட்டி நிற்கும். சதுர வாய்க்கும் வேலை உண்டு, ஆனால் பின்வரிசையில்: ஏற்கெனவே கிளறிவிட்ட மண்ணை வழித்து அள்ள, தகரத்தின் மேலோ சிமெந்துத் தரையின் மேலோ கிடப்பதைக் கூட்டி எடுக்க.

தகட்டின் தடிப்பு சுமார் 2 மி.மீ. இருக்க வேண்டும். 1.5 மி.மீ. தகடு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கையில் தூக்கினால் இலகுவாக இருப்பதால் பிடித்தும் போகும். கல்லில் இரண்டு முறை மோதினால் வாய் மடங்கும். கடையில் இதைக் கண்டுபிடிக்க, சவலை இரண்டு விரலால் தொங்கவிட்டு தகட்டில் ஒரு சாவியால் தட்டிப் பாருங்கள். பதம் ஏற்றிய உருக்கு மணிபோல் நீண்டு ஒலிக்கும். வெறும் தகரம் "டப்" என்று அடங்கிவிடும்.

அடுத்து தகட்டைக் கவிழ்த்துப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த சவல்களில் நடுவில் உள்வாங்கிய பள்ளம் ஒன்று கழுத்திலிருந்து இறங்கும். தகட்டுக்கு விறைப்புக் கொடுப்பதற்காக மடித்த மடிப்பு அது. எங்கள் களிமண் அந்தப் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அரை கிலோ மண்ணை ஒவ்வொரு வாருக்கும் வீணாகச் சுமக்க வேண்டும். பின்புறம் தகடு வைத்து மூடியதோ, கழுத்தும் தகடும் ஒரே உருக்கில் அடித்ததோ கிடைத்தால் அதுவே முதல் தெரிவு.

தகட்டின் மேல் விளிம்பில் கால் வைக்கும் மிதிப்பு முன்புறமாக மடிக்கப்பட்டு 2 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். இதைப் பலர் பார்ப்பதில்லை. இரவில் வீட்டைவிட்டு ஓடிவந்தவர் பூட்ஸ் போட்டிருக்கமாட்டார். செருப்புக் காலோடு, சில வேளை வெறுங்காலோடு மிதிப்பார். மடிப்பில்லாத விளிம்பு உள்ளங்காலை அறுத்துவிடும். அதோடு அந்த ஆள் வரிசையிலிருந்து போய்விடுவார்.

சவல் முறியும் இடம் பெரும்பாலும் கழுத்து. தகட்டிலிருந்து எழும் இரும்புக் குழலுக்குள் மரப்பிடி நுழைகிறதே, அந்தக் குழலின் வாய் முடியும் இடத்தில்தான் நெம்பும் விசை முழுவதும் குவிகிறது. குழல் குட்டையாக இருந்தால் மரம் அங்கே சீக்கிரம் ஒடியும். 20 செ.மீ.க்குக் குறையாத குழல், இரண்டு ஆணி, ஆணித்தலை வெளியே துருத்தாமல் அடித்து மழுக்கியது என்று பார்த்து எடுக்க வேண்டும். கடையிலேயே தகட்டைக் காலால் அழுத்திக்கொண்டு பிடியை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். மூட்டில் சிறு ஆட்டம் தெரிந்தாலும் அந்தச் சவல் வேண்டாம். பிறகு சவலை மல்லாக்கத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்: பிடி அதிகம் நிமிர்ந்து எழுந்தால் அது அள்ளுவதற்கானது, தகட்டோடு நேராக ஓடினால் வெட்டி இறங்குவதற்கானது. முகப்புச் சவலில் வளைவு குறைவாக இருப்பது நல்லது.

பிடியின் நீளத்தில் ஆட்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 140, 150 செ.மீ. நீளப் பிடி முதுகைக் காப்பாற்றும், மண்ணைத் தூர வீசும். திறந்த வெளியில் அது சரிதான். லயக் காம்பராவின் (அறையின்) இடிந்த சுவருக்கும் விழுந்த கூரைக்கும் இடையில் அதைத் திருப்பவே முடியாது. பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும். மொத்தம் 95 முதல் 105 செ.மீ. நீளமும் நுனியில் வளையப் பிடியும் உள்ள சவலையே மீட்புக்குச் சிபாரிசு செய்வோம். வளையத்துக்குள் சேறு பூசிய கை வழுக்காது. முழங்காலிட்டும் அள்ளலாம். வளையம் உங்கள் கை முழுதாக, கையுறையோடு, நுழையும் அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்க மறக்கவேண்டாம்.

மரமா, இரும்புக் குழாயா, பைபர் கிளாஸா? நல்ல மரம் இன்னும் நல்ல பிடிதான், அதன் நார் நுனியிலிருந்து அடிவரை நேராக ஓடினால். நார் குறுக்கே சாய்ந்து பிடியின் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் ஒருநாள் பிளக்கும். அடிப்பக்கத்தில் கணு இருந்தால் வேண்டாம். பெயின்ற் பூசிய பிடியை வாங்காதீர்கள். வெடிப்பும் கணுவும் அந்தப் பெயின்றுக்குள் மறைந்திருக்கும். இரும்புக் குழாய்ப் பிடி உறுதியாகத் தெரிந்தாலும் மலையக ஈரத்தில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பளபளக்கும், ஒருநாள் வெல்டிங் ஓரத்தில் உடையும். அறுந்த மின்கம்பி மண்ணுக்குள் இருக்கக்கூடிய இடத்தில் இரும்புப் பிடி நேரடி ஆபத்தும்கூட. பைபர் கிளாஸ் மக்காது, மின்சாரம் பாயாது. ஆனால் வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு உதிர்ந்து ஊசிபோல் நார் கையில் ஏறும். அறைக்குள் வைக்க முடிந்தால் அதை வாங்கலாம்.

இராணுவ மாதிரியில் வரும் மடிக்கும் சவலைப் பிரதானக் கருவியாக வைக்கக்கூடாது. அதன் மூட்டுத் திருகில் சேறு இறுகிவிடும். ஆளை நெருங்கிய பிறகு ஒடுக்கமான பொந்துக்குள் வேலை செய்ய ஒன்றிரண்டு இருந்தால் உதவும், அவ்வளவே.

மம்பட்டியை ஒதுக்கிவிடக்கூடாது

பனிச்சவல் செய்கிறவர்கள் சில ஆண்டுகளாகத் தகட்டைத் திருப்பி மாட்டி, வெட்டி இழுக்கும் கருவியாகவும் மாற்றத்தக்க சவல்களை விற்கிறார்கள். தூக்கி எறிவதைவிட இழுத்துத் தள்ளுவது உடலுக்கு இலகு என்பதுதான் அதன் தத்துவம். எங்களிடம் அது மம்பட்டி என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பெண்ணோ ஆணோ அதைப் பிடிக்கத் தெரியாதவர் இல்லை. புதுக் கருவியில் தடுமாறும் கையைவிடப் பழகிய கருவி பிடித்த கை இருமடங்கு வேலை செய்யும்.

மம்பட்டியின் இடம் இரண்டாவது, மூன்றாவது ஆள் நிற்கும் இடம். சரிவில் மேல்நோக்கி நின்று மண்ணைத் தன் காலடிக்கு இழுத்து, அங்கிருந்து கீழே தள்ளிவிடுவதற்கு அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. குழம்பாக ஓடும் சேற்றைச் சவல் அள்ளாது, மம்பட்டி இழுக்கும். முகப்பில் மட்டும் அது வேண்டாம். தலைக்கு மேல் ஓங்கி வெட்டுகிற கருவி அது. ஓங்கிய மம்பட்டி மண்ணுக்குள் எங்கே போய் நிற்கும் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது. அரை மீற்றருக்குள் ஒரு கையோ முகமோ இருக்கலாம். பிக்கானுக்கும் (குந்தாலிக்கும்) அலவாங்குக்கும் இதே விதி. அவை கல்லையும் தீராந்தியையும் நெம்புவதற்கு. ஆள் இருப்பதாகச் சந்தேகிக்கும் இடத்தில் குத்துவதற்கல்ல.

மம்பட்டி முறியாது, தகடு கழலும். ஆப்பு தளர்ந்து தகடு பறந்துபோனால் அடுத்தவர் காயப்படுவார். மாசி, பங்குனி வறட்சியில் மரம் சுருங்கி ஆப்பு ஆடத் தொடங்கும். அப்போது மம்பட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது பலருக்கும் பழக்கம். அடுத்த நாள் இறுகியிருக்கும், உண்மை. ஆனால் ஊறிய நார் இரும்பு வளையத்துக்குள் நசுங்கிவிடுகிறது. காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். பழைய ஆப்பைக் கழற்றிப் புது ஆப்பு அடிப்பதுதான் சரி.

லயத்துக்கு ஒரு கட்டு

பத்துப் பன்னிரண்டு காம்பரா உள்ள ஒரு லயத்துக்குக் கூர்வாய்ச் சவல் ஆறு, சதுர வாய் இரண்டு, மம்பட்டி நான்கு, அலவாங்கு இரண்டு, பிக்கான் ஒன்று வைக்கலாம். அவற்றோடு தாச்சி (மண் சுமக்கும் சட்டி) பத்து, வெற்று உரச்சாக்கு ஒரு முப்பது, படங்கு (தார்ப்பாய்) நான்கு, தகரம் வெட்டும் கத்தரியும் மரவாளும் ஒவ்வொன்று, 30 மீற்றர் கயிறு, விசில் நான்கு, நெற்றியில் கட்டும் டோர்ச் ஆறு, தடித்த கையுறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது. முதலில் சவலும் விசிலும் டோர்ச்சும். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலத்தில் காம்பராவுக்கு ஒரு சிறு தொகை என்று சேர்த்தாலே ஆண்டுக்கு இரண்டு மூன்று சவல் கூடும். ஒக்டோபர் மழைக்கும் அது சரியான நேரம்.

இவற்றை வைக்கும் பெட்டிக்குப் பூட்டுப் போடவேண்டியிருந்தால் சாவியை உடைக்கும் கண்ணாடிக்குள்ளோ, அல்லது மூன்று வெவ்வேறு வீட்டிலோ வையுங்கள். அவற்றில் ஒரு வீடாவது அந்த லயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பூட்டைவிட நல்லது மெல்லிய கம்பி முத்திரை. யாராவது கல்யாண வீட்டுக்கோ கான் வெட்டவோ எடுத்தால் தெரிந்துவிடும், அவசரத்துக்கு ஒரு இழுப்பில் அறுந்தும்விடும். பிடிகளில் ஒரே நிறத்தில் ஒரு வளையம் மட்டும் பூசிவைத்தால் கருவி கலந்துபோகாது.

மழையளவோடு இந்தப் பெட்டியையும் இணைத்துவைக்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழையை விழிப்புக்கும், 100 மி.மீ. மழையை எச்சரிக்கைக்கும், 150 மி.மீ. அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழையை வெளியேறுவதற்கும் எல்லையாக வைத்திருக்கிறது. நேரான சுவருள்ள டின்னைத் திறந்தவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே கணக்குத் தெரியும். ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் முத்திரையை அறுத்துக் கருவிகளை எடுத்துப் பார்க்க வேண்டும், டோர்ச் எரிகிறதா என்று சோதிக்க வேண்டும். பதினைந்து நின்றால் கருவியைப் பற்றிய பேச்சே இல்லை. பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டு இறங்க வேண்டும். எந்தச் சவலும் செய்ய முடியாததை அந்த நடை செய்யும்.

தோண்டும் முறை

சவலைத் தொடுவதற்கு முன் 117க்கு அழைப்புப் போயிருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது. அம்புலன்ஸுக்கு 1990. அடுத்தது மேட்டைப் பார்க்க ஒருவர். அவர் தோண்டக்கூடாது, பேசிக்கொண்டிருக்கக்கூடாது. புது வெடிப்பு, கலங்கிய ஊற்று, சாயும் மரம், உருளும் சிறு கல் இவற்றையே பார்த்திருக்க வேண்டும். சர்வதேச மீட்புக் குழுக்களின் ஒலிக்குறிகள் எளியவை, சிறுவர்களுக்கும் மனப்பாடமாகும்: ஒரு நீண்ட ஊதல் என்றால் எல்லோரும் நிறுத்தி மௌனம், நீண்டதும் குட்டையுமாக என்றால் மறுபடி தொடங்கு, மூன்று குட்டை ஊதல் என்றால் போட்டதைப் போட்டபடி ஓடு. ஓடும் திசை கீழே அல்ல, சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில். அந்த வழியை முதலிலேயே காட்டிவைக்க வேண்டும்.

எங்கே தோண்டுவது? பனியில் ஆள் எங்கும் இருக்கலாம். பனித்துகளுக்கிடையே கொஞ்சம் காற்றும் இருக்கும். சேற்றில் காற்றில்லை. உயிரோடு இருப்பவர் ஏதோவொரு பொந்தில்தான் இருப்பார்: சாய்ந்த கூரைத் தகரத்துக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், இடிந்த சுவருக்கும் தீராந்திக்கும் நடுவே. ஆகவே அயலவரின் நினைவுதான் முதல் கருவி. தொங்கல் (கடைக்கோடி) காம்பராவில் யார், இஸ்தோப்பில் யார் படுப்பது வழக்கம், கட்டில் எந்தச் சுவரோரம் என்று ஒருவர் கேட்டு எழுத வேண்டும். லயம் இருந்த இடத்தில் இராது, கீழே தள்ளப்பட்டிருக்கும். தண்ணீர்த் தாங்கி, கோவில் மரம் போன்ற அசையாத ஒன்றை வைத்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணித்தபின் தொடங்குவதால் ஐந்து நிமிடம் போகும், ஐந்து மணித்தியாலம் மிஞ்சும்.

புதைந்த இடத்தின் மேல் கூட்டமாக ஏறி நிற்கக்கூடாது. ஒவ்வொருவரின் எடையும் அந்தப் பொந்தை அமுக்கும். கீழ்ப்பக்கத்தில், ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று உள்நோக்கிப் போக வேண்டும். முகப்பில் சவலோடு ஒருவர் அல்லது இருவர், அவர்களுக்குப் பின்னால் ஒன்றரை மீற்றர் இடைவெளி விட்டு மம்பட்டிக்காரர்கள், அதற்கும் பின்னால் தாச்சியும் படங்கும். முகப்பு ஆள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, களைத்தாலும் களைக்காவிட்டாலும், மாற வேண்டும். "இன்னும் கொஞ்சம் நான் பார்க்கிறேன்" என்று நிற்பவரின் வாரு பாதியாகக் குறைந்திருக்கும், அவருக்கு அது தெரியாது. உள்ளே இருப்பது சொந்தப் பிள்ளையாக இருந்தால் நிச்சயம் தெரியாது. நேரம் பார்த்து மாற்றச் சொல்லும் அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கட்டும்.

பனியிலிருந்து எங்கள் மண் மிக விலகும் இடம் இதுதான். சரிந்த பனியை வெட்டினால் சுவர்போல் நிற்கும். எங்கள் மண் நிற்காது. வெட்டிய முகம் 1.2 மீற்றர் உயரத்தைத் தாண்டினால் தோண்டுகிறவர் மேலேயே சரியும். படி படியாக அகலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் கதவுப் பலகையையும் தீராந்தியையும் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். உரச்சாக்குகள் இதற்குத்தான். எடுத்த மண்ணை அவற்றில் பாதியளவு நிரப்பி இரண்டு பக்கமும் அடுக்கினால் தோண்டிய மண்ணே அணையாகும். மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிடவும் அதையே பயன்படுத்தலாம். தண்ணீரைத் திருப்பாமல் தோண்டினால் குழி சேற்றுத் தொட்டியாகிவிடும்.

களி தகட்டில் ஒட்டத் தொடங்கினால் வாரு சிறுத்துக்கொண்டே போகும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கட்டைக் குச்சியும் வையுங்கள். ஐந்தாறு வாருக்கு ஒருமுறை முக்கி வழித்தால் போதும். முன்கூட்டியே தகட்டில் மெழுகுதிரி தேய்த்து வைத்திருந்தால் களி எளிதில் பிடிக்காது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீண்ட ஊதல். எல்லோரும் அசையாமல், இருந்தால் பெக்கோவின் எஞ்சினையும் நிறுத்தி, தகரத்திலோ தீராந்தியிலோ மூன்று தட்டு. பிறகு காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். முனகலைவிடத் தட்டும் ஒலி தெளிவாக வரும்.

துணி, தலைமயிர், பாய், பாத்திரம் என்று எது தெரிந்தாலும் சவலைக் கீழே வைக்க வேண்டும். அதற்குமேல் கையும் தாச்சியும்தான். முதலில் முகம், வாய்க்குள்ளும் மூக்கிலும் உள்ள மண், அடுத்து நெஞ்சு. நெஞ்சின் மேல் மண் அழுத்தினால் முகம் வெளியே இருந்தும் மூச்சு விடமுடியாது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நனைந்த களி உறிஞ்சிப் பிடித்திருக்கும். தோள் கழன்றுவிடும், ஆள் வரமாட்டார். இடுப்பும் காலும் விடுபடும்வரை சுற்றிவரத் தோண்ட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகத் தொடையோ காலோ பாரத்தில் நசுங்கிக் கிடந்தவரின் மேலிருந்து அந்தப் பாரத்தைத் திடீரென்று தூக்குவது இன்னொரு ஆபத்து: நசுங்கிய தசையில் தேங்கிய நஞ்சு இரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்தலாம். முகத்தையும் நெஞ்சையும் விடுவித்து, ஈரத்தைத் துடைத்துக் கம்பளியால் போர்த்தி, வைத்தியரோ அம்புலன்ஸ் ஊழியரோ வரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

பெக்கோ வந்ததும் கை வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் ஒதுங்குவது தவறு. பாதை திறக்கவும், எடுத்த மண்ணை அகற்றவும், பெரிய கல்லைத் தூக்கவும் அது வேண்டும். ஆள் இருப்பதாக அடையாளமிட்ட இடத்தில் அதன் வாளி இறங்கக்கூடாது. அங்கே சவலும் தாச்சியும்தான் தொடர வேண்டும். அடையாளத்துக்கு ஒரு குச்சியும் அதில் ஒரு சிவப்புத் துணியும் போதும். அதை யாரும் பிடுங்காமல் பார்ப்பது ஒரு ஆளின் வேலை.

ஆண்டுக்கு இரண்டு முறை

மேற்குச் சரிவுகளான ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துக்கு மே மாத மழைக்கு முன்பு, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு; பதுளை, ஹல்துமுல்லைப் பக்கத்துக்கு ஒக்டோபர் தொடக்கத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு மழையும் படும் இடங்களில் இரண்டு முறையும். பிடியைக் கையால் வழித்துக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விரலுக்குத் தெரியும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், தகட்டுக்குக் கழிவு எண்ணெய் மெல்லிதாக. வாயில் சுருள் இருந்தால் அரத்தால் ராவலாம். கத்திபோல் தீட்டவேண்டாம், மண்ணில் நுழையவும் தோலைக் கிழிக்காமலும் இருக்கும் அளவே போதும். கடைசியாக ஒவ்வொரு சவலையும் கான் ஓரத்து மண்ணில் மிதித்து இறக்கி, முழுப் பாரத்தோடு நெம்பிப் பாருங்கள். ஒடியவேண்டியது அன்றைக்கே ஒடியட்டும். ஒடிந்ததன் இடத்தில் அந்த வாரத்துக்குள் வேறொன்று வந்துசேர வேண்டும்.